பன்னிரண்டு டிகிரி

ரம்பம் தன் மில் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டைத் தோளில் சுமந்து வந்து லேத்துப் பட்டறைத் தரையில் தொப்பென்று போட்டான். சிமெண்டு பெயர்ந்தது. அவன் சட்டையின் முன்பக்கம் ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது.

"யாரு ரத்தம்?" என்றான் லேத்துக்காரன்.

"உன் தங்கச்சியோடதுதான். மூக்கு. இன்ஜின் நின்னுபோச்சேன்னு நான் நொந்து கெடக்கேன், நட்டை முறுக்குன்னு அன்னிக்கே சொன்னேனேன்னு நியாயம் பேசறா. உங்க வீட்டுல வாயை மட்டும் நல்லா வளர்த்து விட்டிருக்கீங்க, மச்சான்."

மர அறுவை மில் வைத்திருப்பவன். ஊரே அவனை ரம்பம் என்றுதான் கூப்பிடும். அந்தப் பேரில் அவனுக்குப் பெருமை வேறு. போன தடவை எதிர்த்துப் பேசியதற்கு லேத்துக்காரனுக்கு இரண்டு விலா எலும்பு போயிருந்தது.

அவன் குனிந்து ஷாஃப்டைப் பார்த்தான். அதன் முனையில் பல்சக்கரம் நழுவாமல் இருக்க நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கீவே என்பார்கள். அதில் ஒரு இரும்புத் துண்டு உட்கார்ந்து சக்கரத்தையும் ஷாஃப்டையும் ஒன்றாகக் கட்டிப்போடும். நட்டு தளர்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் ஓட்டியதில் அந்தத் துண்டு ஆடி ஆடிப் பள்ளத்தைக் கரைத்து வாயைப் பிளந்துவிட்டிருந்தது. போதாததற்கு உளியால் கொத்திய தழும்புகள். தங்கச்சி சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்குத்தான் மூக்கு.

"நாளைக்கு வேணும்" என்றான் ரம்பம். "பிசகிச்சு, உன் கையை ரம்பத்துல குடுத்துருவேன்."

அவன் போனதும் லேத்துக்காரன் வேலையில் இறங்கினான். பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பினான். ஷாஃப்டை லேத்தில் பூட்டி, பழைய அளவுக்கு வழவழவென்று கடைந்தான். பழைய கீவே இருந்த இடமே தெரியவில்லை. இனி புதுசு வெட்ட வேண்டும். எங்கே வெட்டுகிறோமோ அங்கேதான் சக்கரம் உட்காரும். சக்கரம் உட்காரும் இடத்தைப் பொறுத்துத்தான் டீசல் பாயும் நேரம். இன்ஜின் சுற்றும் பக்கமாகக் கொஞ்சம் முன்னே தள்ளி வெட்டினால், பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே தீப் பிடிக்கும். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறவன் கையை இன்ஜின் திருப்பி அடிக்கும். கழுதை உதை அதற்கு முன்னால் தூசு.

மில்லிங் மெஷினில் ஷாஃப்டை ஏற்றினான். சரியான இடத்தைக் குறித்தான். தங்கச்சியின் மூக்கை நினைத்தான். பன்னிரண்டு டிகிரி தள்ளிப் பிடித்து வெட்டினான். அவன் எவனையும் நம்பாதவன். இரும்புக் கடைக்காரன் சொல்லும் அளவைக்கூட மூன்று தரம் அளந்து பார்ப்பவன்.

மறுநாள் காலை ஷாஃப்டை மில்லுக்கு எடுத்துப் போனது கண்ணாடி என்று ஊர் கூப்பிடும் மெக்கானிக். மதியம் அவன் போன் செய்தான்.

"அண்ணே, பூட்டியாச்சு. ரெண்டு சக்கரத்துலயும் அடையாளப் புள்ளிக்குப் புள்ளி சேர்ந்திருச்சு, கண்ணுல ஒத்திக்கலாம். டீசல் குழாயில காத்து எடுக்கணும், அவ்வளவுதான். கால்மணி நேரத்துல அக்கா சுத்திருவாங்க."

"யாரு?"

"அக்காதான். வேற யாரு? அவங்கதானே எப்பவும் சுத்துவாங்க. அவருக்குத்தான் இடுப்பு வளையாதே." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

லேத்துக்காரன் திரும்பப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மெஷினைக்கூட நிறுத்தாமல் ஓடினான். மூன்று தெரு. விலாவில் கத்தி செருகியதுபோல் வலித்தது.

மில்லுக்குள் நுழைந்தபோது தங்கச்சி குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூக்கு கத்திரிக்காய்போல வீங்கியிருந்தது. இன்ஜின் தலையில் இருக்கும் சின்ன லிவரைக் கண்ணாடி தூக்கிப் பிடித்திருந்தான். வேகம் வந்ததும் அதை விடுவான். விட்டால் தீப் பிடிக்கும்.

"லிவரை விடாதே! விட்டா உன்னைக் கொன்னுருவேன்!" என்று கத்தினான் லேத்துக்காரன்.

கண்ணாடி அப்படியே உறைந்தான். தங்கச்சி நிமிர்ந்தாள். மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரர்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான், மூச்சு வாங்குது? வேலையில பிசகா?" ரம்பம் கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கடப்பாரை இரண்டு மண்டையைப் பிளக்கும். "பிசகெல்லாம் இல்ல. முத தடவை நானே சுத்தறேன்."

"என் மில்லுல நீ என்ன சுத்தறது? ஏய், சுத்துடி."

லேத்துக்காரன் சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினான். "பார்த்தீங்களாய்யா, பேரு ரம்பம். பொண்டாட்டி சுத்தினாத்தான் பல்லே முளைக்கும்போல."

ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். "இடுப்பு அப்படிங்க" என்றான் இன்னொருத்தன்.

ரம்பத்தின் முட்டி லேத்துக்காரன் வாயில் இறங்கியது. இரண்டாவது அடியில் கீழே விழுந்தான். வயிற்றில் ஒரு உதை. அப்புறம் ரம்பம் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்து ஒதுக்கித் தள்ளினான், கைப்பிடியைப் பிடித்தான். "லிவரைத் தூக்குடா!"

காளைபோல முக்கிச் சுற்றினான். பத்துச் சுற்று. கண்ணாடி லிவரை விட்டான்.

டமார் என்றது. கைப்பிடி பின்னால் திரும்பி அறைந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த விறகை மிதித்ததுபோலக் கேட்டது. வெள்ளையாக ஒரு முனை தோலைக் கிழித்து வெளியே வந்தது. ரம்பம் கையைப் பார்த்தான், அப்புறம்தான் அலறினான். சுமைக்காரர்கள் அவனை மரம் ஏற்றும் வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். கண்ணாடியும் தாவி ஏறிக்கொண்டான்.

தங்கச்சி டீசலை மூடினாள். சக்கரத்தின் புள்ளிகளைப் பார்த்தாள், கீவேயைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அஞ்சு வருஷம் அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டியவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நீதானா?"

"அவன் உன்னை அடிக்கிறானேன்னுதான்..."

பளாரென்று அறைந்தாள். ஏற்கெனவே கிழிந்த உதடு இன்னும் பிளந்தது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த வாசலை மிதிச்சிருந்தா யாரு சுத்தறான்னு தெரிஞ்சிருக்கும். அவன் என் மூக்கைத்தான் உடைச்சான். நீ கையை உடைக்கப் பார்த்தே."

அவன் வாயைத் துடைத்தான். அவள் ஸ்பானரை எடுத்து அவன் காலடியில் எறிந்தாள்.

"கழட்டு. நேரா வெட்டி எடுத்துட்டு வா. அவன் கையில கட்டோட கெடக்கற வரைக்கும் மில்லு என்னுது. நாளைக்கு நான் சுத்தணும்."

லேத்துக்காரன் மண்டியிட்டு நட்டில் ஸ்பானரை மாட்டினான். அவள் கைப்பிடியில் இருந்த ரத்தத்தைக் கந்தலால் துடைத்தாள். கைப்பிடியைக் கீழே வைக்காமலே, அவன் கழற்றி முடிக்கும்வரை அவன் தலைக்கு மேலே நின்றாள்.