குதிரைக்கு ஒரு விருந்து

முற்றத்து வேம்பின் கீழே குதிரை வந்து நின்றபோது பூரணி குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தட்டி இடைவெளியால் முதலில் நான்கு கால்கள்தான் தெரிந்தன. மாடென்று நினைத்து, "ச்சூ, போ!" என்று அதட்டினாள். பதிலுக்கு வந்த மூச்சு மாட்டு மூச்சாக இல்லை. எட்டிப் பார்த்தவள் கழுநீர்ச் சட்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து கந்தளாய் றோட்டு ஓயவில்லை. பெட்டியைத் தலையில் சுமந்தவர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், நடக்கமாட்டாத தாயைக் கதிரையோடு தூக்கி வந்தவர்கள் என்று ஊர் எல்லாரையும் பார்த்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றியது, இளநீர் வெட்டியது. பட்டாளத்து லொறிகள் மட்டும் யாருக்கும் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. ஆனால் குதிரையில் ஒருவன் வந்தது இதுதான் முதல் தடவை. பூரணியின் வீட்டில்தான் அவன் இறங்க வேண்டும் என்றிருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் நிழல் கிடைக்குமா? எனக்கில்ல, இதுக்கு" என்றான் வந்தவன். குதிரையின் கழுத்தெல்லாம் நுரை வழிந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஆனந்தராசா விடுவாரா? "டேய் சின்னராசா, உன்ர பேருக்கு இண்டைக்குத்தானடா குதிரை வந்திருக்கு! ஏறிக் குந்து!" என்று கத்தினார். பூரணியின் புருஷன் சின்னராசா சிரித்துக்கொண்டே பாயை எடுத்து உதறிப் போட்டான். ஊரே முற்றத்தில் கூடிவிட்டது.

வந்தவன் பெயர் ஸெய்னுதீன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரன். குண்டு விழுந்த அன்றே துரை காரில் ஏறிப் போய்விட்டார். குதிரையும் குதிரைக்காரனும் மிச்சம். ஸெய்னுதீனின் மனைவி ரபீக்காவின் காலில் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. காயக்காரரோடு அவளையும் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அகதிகள் கிடந்த கொட்டில் கொட்டிலாக அவன் குதிரையில் தேடியலைந்தான். கடைசியில் தம்பலகாமத்தில் காயக்காரருக்கு மருந்து கட்டிய ஓர் அப்போதிக்கரிதான் விஷயத்தைச் சொன்னார். அவள் மாத்தளை ஆசுபத்திரியில் இருக்கிறாள். கால் அழுகுகிறது, வெட்டியெடுக்க வேண்டும். அவள் விடமாட்டேன் என்கிறாளாம்.

"துறைமுக நெருப்பில நான் மௌத்தாப் போயிட்டன் எண்டு ஆரோ அவக்கிட்டச் சொல்லியிருக்கானுகள்" என்றான் ஸெய்னுதீன். "'அவரே இல்ல, எனக்கு என்னத்துக்குக் காலும் உசிரும்' எண்டு கிடக்கிறாவாம். நான் போய் முன்னுக்கு நிண்டாப் போதும் தங்கச்சி. வெட்ட விட்டுருவா. நாளைக்கு விட்டு மத்த நாளைக்குள்ள போயிரணும் எண்டு அப்போதிக்கரி ஐயா சொன்னவர்."

முன்னே கிடந்ததெல்லாம் யானைக்காடு. குதிரையில் போகிறவனுக்கு அந்தக் காடு ஒரே ஓட்டம். நடப்பவனுக்கு அது வேறு கதை. முற்றத்தில் நின்றவர்கள் 'ச்சொச்சொ' என்றார்கள்.

பூரணி இலையைப் போட்டாள். "வேணாம் தங்கச்சி, பசியில்ல" என்றான். "பசியில்லாத முகமா இது? இருங்கோ" என்று சோற்றைக் கொட்டினாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். அந்த ஊரில் வழக்கமே அதுதான். வந்தவர் வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் வைத்துக்கொண்டே இருப்பார். முதல் வார்த்தையிலேயே ஓம் என்கிறவன் மரியாதை தெரியாதவன். முதல் வேண்டாமுக்கே கையை இழுக்கிறவள் கஞ்சப்பிசினாறி.

கை கழுவிவிட்டு ஸெய்னுதீன் சொன்னான்: "குதிரைக்கு ஒண்டும் குடுக்க வேணாம். சூடு ஆறட்டும். பொறகு நானே புல்லு பாத்துக் குடுக்கிறன்." சொல்லிக்கொண்டே பாயில் சரிந்தவன், அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டான்.

பூரணி குதிரையைப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது. களத்தில் சூடுமிதித்துக் களைத்து வரும் தன் மாடுகளுக்கென்று அவள் ஊறப்போட்ட நெல் பானை நிறைய இருந்தது. அதில் தவிட்டையும் எள்ளுப் புண்ணாக்கையும் போட்டுக் கழுநீர் ஊற்றிப் பிசைந்தாள்.

"வேணாம் எண்டெல்லோ சொன்னவர்?" என்றான் சின்னராசா.

"சோத்துக்கும் அப்பிடித்தான் சொன்னவர்."

ஆனந்தராசாவே சிரித்துவிட்டார். சிரித்தபடி தன் வீட்டிலிருந்தும் ஒரு வாளி தவிடு கொண்டுவந்து கொட்டினார். குதிரை பானைக்குள் முகத்தை விட்டு எடுக்கவேயில்லை. அடியை நக்கி, தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சிக் குடித்தது. அதன் நெற்றியைத் தடவியபோது பூரணிக்கு மனம் நிறைந்து போயிற்று.

வெயில் சாயத் தொடங்கும்போது குதிரை முன்காலால் மண்ணைக் கிளறியது. பிறகு திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. விளையாடுகிறது என்று நினைத்தார்கள். அது தொப்பென்று விழுந்து புரண்ட சத்தத்தில் ஸெய்னுதீன் துள்ளி எழுந்தான்.

"என்ன குடுத்த?"

பூரணி பானையைக் காட்டினாள். அவன் பானையைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"மாடெண்டா அசைபோடும் தங்கச்சி... மாடெண்டா அசைபோடும்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னபடி கடிவாளத்தைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினான். ஊறின நெல் குதிரை வயிற்றில் ஊதிக் கட்டிவிடும், படுத்தால் முடிந்தது என்றான். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினான். ஆனந்தராசாவும் பின்னால் நின்று தள்ளினார். வயிறு பறைபோல் ஊதி இறுகியது. வேம்பைச் சுற்றி மண் சேறாகும்வரை நடந்துவிட்டு, கடைசியில் குதிரை முழங்கால் மடிந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கால்கள் காற்றில் ஓடின. பிறகு அதுவும் இல்லை.

ஸெய்னுதீன் குந்தியிருந்து சேணத்தின் வாரைக் கழற்றினான். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் பூரணிக்கு மூச்சு வந்திருக்கும். "உங்களுக்கு நல்ல மனசு தங்கச்சி" என்றான்.

அவள் சின்னராசாவைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். "இஞ்சேருங்கோ, வண்டியைக் கட்டுங்கோ. ஹபரணை மட்டுமாவது கொண்டுபோய் விடுங்கோ. காட்டைத் தாண்டினா அவர் எப்பிடியும் போய்ச் சேருவார்."

"விசரே உனக்கு? றோட்டில மாட்டைக் கண்டா பட்டாளத்தான் பறிக்கிறான். மணியையும் கழட்டிப்போட்டு நான் ஏன் மாட்டைப் பத்தைக்குள்ள கட்டி வச்சிருக்கிறன்? மாடு போனா வயலை நீயே உழப்போறாய்?"

"நாங்கள்தானே அவற்ற குதிரையை..."

"நாங்கள் என்ன நஞ்சே வச்சனாங்கள்? நல்லதுக்குத்தானே குடுத்தது!"

வெளியே வந்து, வண்டி கட்ட மாடு இல்லை என்றான் சின்னராசா, நேரே முகம் பார்த்து. ஆனந்தராசாவும் தன்னிடம் மாடில்லை என்றார். பத்தைப் புதருக்குள் யாருடைய மாடு எங்கே நிற்கிறது என்று முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மாடு தவிர மற்றதெல்லாம் வந்து குவிந்தது. ஒருவர் போர்வை கொடுத்தார், ஒருவர் இளநீர் வெட்டினார். யானைக்கு நெருப்புத்தான் பயம் என்று ஒருவர் தென்னோலையில் சூள் கட்டித் தந்தார். குதிரையைத் தாங்களே குழி தோண்டித் தாட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

பூரணி வாழையிலையில் சோறு கட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி" என்றான் ஸெய்னுதீன்.

அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. இது எந்த வேண்டாம்? முன்பு சோற்றுக்குச் சொன்னதா, குதிரைக்குச் சொன்னதா? இன்னொரு தரம் வற்புறுத்த வாய் வரவில்லை. மெல்லக் கையை மடக்கிக்கொண்டாள். அவனுடைய கண் ஒரு கணம் பொட்டலத்தில் தங்கியது போலிருந்தது. பிறகு அவன் கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சூளைக் கையில் பிடித்து, மேற்கே காட்டு றோட்டில் இறங்கினான். வளைவு திரும்பும்வரை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னடி, சோத்துப் பொட்டலம் இன்னும் உன்ர கையில?" என்றான் சின்னராசா.

"வேணாம் எண்டவர்."

"அது மரியாதைக்குச் சொல்லுறதடி! பாவம், குடுத்திருக்கலாமே."

காலையில் சின்னராசா மாடுகளைப் பத்தைக்குள்ளிருந்து ஓட்டிவந்தான். வேம்பின் பக்கம் புது மண் மேடாகக் கிடந்தது. மாடுகள் அதை மோந்து பார்த்து விலகி நடந்தன. பூரணி புதிதாக ஊறிய நெல்லைத் தொட்டியில் கொட்டினாள். தவிடு போட்டாள், புண்ணாக்குப் போட்டாள். கடைசியாக வாழையிலைப் பொட்டலத்தின் நாரை அவிழ்த்து, புளித்துப்போன சோற்றையும் அதன்மேல் உதிர்த்தாள். மணியில்லாத கழுத்துகளை ஆட்டி ஆட்டி, மாடுகள் இரண்டும் நிதானமாகத் தின்னத் தொடங்கின.