ஒரே படிவத்தில் மூன்று பேர்

கடல் வழியாக வந்தவர்களை என்ன செய்வது என்று எந்த அரசாங்கத்துக்கும் தெரிவதில்லை. விமானத்தில் வந்து இறங்கினால் முத்திரை குத்தி உள்ளே அனுப்ப ஒரு மேசை இருக்கிறது. படகில் வந்தவனுக்கு மேசை கிடையாது, வழக்குப் போட ஒரு செக்‌ஷன்தான் உண்டு. ஆறு மாதம் முன்பு வரை தாட்சாயணிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆந்திர எல்லையோர நகரியில் பவர்லூம் ஓட்டும் வீட்டில் பிறந்தவள், திருப்பதியில் அரசாங்கப் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தமிழ் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், ஒரு நாள் காலையில் சாம்பார்க் கரண்டியும் கையுமாக அவளைக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துவிட்டார்கள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சுகிர்தா இருந்தாள். முல்லைத்தீவுக்காரி. உதடெல்லாம் வெடித்து, மடியில் நான்கு வயது மகள் மதுஷாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுடைய தம்பியை விசாரிக்க என்று கூட்டிப் போனவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்து அவளைத் தேடி இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாம் தரம் வருவதற்குள் கணவன் தவசீலன் மனைவியையும் பிள்ளையையும் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றித் தானும் ஏறிவிட்டான். வேதாரண்யம் போய்ச் சேர வேண்டிய படகு. நடுக்கடலில் என்ஜின் நின்றுபோய், எட்டு நாள் காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், கடைசியில் திருப்பதி மாவட்டத்துக் கடற்கரையில் மீனவர்கள் கண்ணில் பட்டது. மீனவர்கள் கஞ்சி கொடுத்தார்கள். போலீஸ் வழக்குக் கொடுத்தது.

படகில் இருந்த ஆண்கள், தவசீலனோடு சேர்த்து ஒன்பது பேரும், சித்தூர் ஜெயிலுக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் திருப்பதி விடுதிக்கு வந்தார்கள். இவர்களைப் பிரித்து வையுங்கள் என்று எவரும் உத்தரவு போடவில்லை. ஆண்களுக்கு ஒரு ஃபைல், பெண்களுக்கு ஒரு ஃபைல், அவ்வளவுதான். வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதம் ஒரு தடவை கணவனைப் பார்க்க அனுமதி இருந்தது. சித்தூர் பஸ்ஸில் சுகிர்தாவோடும் குழந்தையோடும் தாட்சாயணி போவாள். காவலுக்குத் தனசேகர் என்று ஒரு கான்ஸ்டபிள் வருவான். சத்யவேட்டுப் பக்கத்து ஆள்தான், வீட்டில் தமிழ்தான். ஆனால் காக்கி உடுப்பைப் போட்டுவிட்டால் தெலுங்கு தவிர வேறு பேச மாட்டான். தாட்சாயணி கட்டி வரும் எலுமிச்சம்பழச் சாதத்தை மட்டும் மறுக்காமல் வாங்கித் தின்பான்.

ஆறாவது தடவை போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தவசீலன் முகம் தெளிந்திருந்தது.

"எங்களை விடச் சொல்லிக் கோர்ட் எழுதிப்போட்டுது. சனிக்கிழமை விடிய வேலூர்ப் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்புவினமாம்" என்றான்.

"அப்ப நாங்கள்?"

"வெள்ளிக்கிழமை ஒரு ஆபீசர் உங்களைப் பார்க்க வருவார். மூண்டு பேரும் ஒரு குடும்பமெண்டு ஒரே படிவத்தில அவர் எழுதினால் சேர்ந்து போகலாம்." அதற்கு மேல் சொல்லாமல் மகளைப் பார்த்துச் சிரித்தான்.

மிச்சத்தை அவர்களுக்காகக் கோர்ட்டில் நின்ற வக்கீல் சொன்னார். ஒரே படிவத்தில் ஏறாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் கோர்ட் உத்தரவு பொருந்தாது. அவர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணப் பதிவுத் தாள், பிறப்புப் பதிவுத் தாள் எல்லாம் கடலோடு போய்விட்டன. குடும்பம் என்பதற்கு இருக்கும் ஆதாரமே, கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கொடுத்த வாக்குமூலங்கள்தான். இரண்டையும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டவள் தாட்சாயணி.

திரும்பி வரும்போது பஸ் பாகாலா ஊரைத் தாண்டியதும் சுகிர்தா தன் பின்னலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, கடல்ல ஒரு நேர்த்தி வைச்சனான். பிள்ளை மயங்கிக் கிடக்கேக்கை, எந்தக் கரையில ஏத்துறியோ அந்த ஊர்ச் சாமிக்கு என்ர முடியும் பிள்ளையின்ர முடியும் எண்டு கும்பிட்டனான்."

தாட்சாயணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தக் கரையில் ஏற்றினான், பாருங்கள்! கோடிக்கணக்கான பேரைத் தேடி வரவைத்து முடி வாங்கிக்கொள்கிறவன், இவளைத் தன் மாவட்டத்துக்கே இழுத்து வந்திருக்கிறான். நகரிப் பக்கத்தில் கல்யாணம் தள்ளிப்போனாலும், காலில் கட்டி வந்தாலும், ஏழுமலையானுக்குச் சொன்னதைச் செய்தாயா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"இன்னாம்மா நீ! ஆறு மாசமா மலைக்குக் கீழயே குந்திக்கினு, இத்தச் சொல்லாம கீறியே! அதான் எல்லாம் இழுத்துக்கினே போவுது. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சுடணும்."

அங்கேதான் அவள் தவறினாள். அந்தப் பக்கத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் தவறியிருப்பார்கள். விடுதியிலிருந்து கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் மேலிடத்துக்கு எழுதிப் போட வேண்டும், பதில் வர மூன்று வாரமாகும். ஆஸ்பத்திரி என்றால் வாசல் ரிஜிஸ்டரில் எழுதினால் போதும். புதன்கிழமை காலை தாட்சாயணி ரிஜிஸ்டரில், 'பாப்பாவுக்கு ஜுரம், ஆஸ்பத்திரி' என்று தெலுங்கில் எழுதினாள். சாமி காரியத்துக்குச் சொல்லும் பொய் பொய்யில் சேராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"கேட்டனீங்களோ அக்கா? பிரச்சினை ஒண்டும் வராதே?" என்று சுகிர்தா இரண்டு தரம் கேட்டாள்.

"அல்லாம் கேட்டாச்சு. நீ கம்முனு வா."

மலையில் அன்று கூட்டம் குறைவு. கல்யாணகட்டா மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து முடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்புவரை இருந்த முடி ஐந்து நிமிடத்தில் சுகிர்தாவின் மடியில் விழுந்தது. மதுஷா முதலில் வீறிட்டு அழுது, பிறகு அம்மாவின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கெக்கலித்துச் சிரித்தாள். இருவர் தலையிலும் தாட்சாயணி சந்தனம் பூசினாள். தரிசனத்துக்கு அடையாள அட்டை கேட்பார்கள் என்பதால் வெளியிலிருந்தே கோபுரத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டார்கள். இறங்கும் பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை. திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? விடுதியில்கூட எவரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தாட்சாயணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். பெயர் சுதீர். முப்பத்தைந்து வயது இருக்கும். கத்தாதவர், குழந்தைக்குப் பிஸ்கட் பாக்கெட்கூட வாங்கி வந்திருந்தார். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது மனசு ஆறலாம். வார்டன் சுந்தரம்மா மேசையைத் துடைத்து ஃபைலை வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்குத் தனசேகர் சுவரோரம் நின்றான்.

சுதீர் ஃபைலில் இருந்த போட்டோவைப் பார்த்தார். நீளப் பின்னலோடு ஒரு பெண், சுருட்டை முடியோடு ஒரு குழந்தை. நிமிர்ந்து எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"எப்போது இந்த மொட்டை?" என்று தெலுங்கில் கேட்டார்.

புதன்கிழமை வெளியே போனார்கள் என்றார் சுந்தரம்மா. வாசல் ரிஜிஸ்டர் வந்தது. சுதீர் விரலை வைத்துப் படித்தார். ஜுரம், ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி, சீட்டு எங்கே என்றார். சீட்டு இல்லை.

"விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பொய்க் காரணம் சொல்லி வெளியே போயிருக்கிறார்கள். அடையாளம் மாறி வந்திருக்கிறார்கள். நான் இதை என்னவென்று எழுதுவது?"

"எனக்கு எதுவும் தெரியாது சார்! எல்லாம் இந்தச் சமையல்காரி வேலை. இன்றைக்கே இவளை வேலையை விட்டு நிறுத்துகிறேன்" என்று சுந்தரம்மா தாட்சாயணியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார்.

தாட்சாயணிக்கு வேலை போவது தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். வேண்டுதல் இருந்தது, நான்தான் கூட்டிப் போனேன், நான்தான் பொய் எழுதினேன், இவள் அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டாள், ஆச்சு என்று நான் சொன்னேன். ஒன்றுவிடாமல் தெலுங்கில் சொன்னாள். உண்மையைச் சொல்வது இவ்வளவு எளிதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

சுதீர் பேனாவை எடுத்தார். "சரி. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்றால் அவள் மேல் தப்பில்லை. உங்கள் மேல் துறை நடவடிக்கை வரும், அது வேறு விஷயம். அவள் வாயால் சொல்லட்டும், இந்தப் படிவத்தை இப்போதே முடித்துவிடுகிறேன். கேளுங்கள்."

தாட்சாயணிக்கு உயிர் வந்தது. வேலை போனால் போகட்டும். சுகிர்தாவிடம் திரும்பினாள். "சுகிர்தா, புதன்கெழமை மலைக்குப் போனமே, பர்மிஷன் இல்லாம போறோம்னு உனுக்குத் தெரியுமான்னு சார் கேக்குறாரு."

சுகிர்தாவுக்குத் தெலுங்கு புரியாது. ஆனால் கத்திய வார்டனையும், நடுங்கிய தாட்சாயணியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாகத் தனக்கும் பிள்ளைக்கும் ஒளித்து முட்டை கொடுத்தவளுக்கு, தன்னால் வேலை போகப்போகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீசரையே பார்த்துச் சொன்னாள்.

"ஓம், எனக்குத் தெரியும். நான்தான் அக்காவைக் கரைச்சல் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனனான். ஆஸ்பத்திரி எண்டு எழுதச் சொன்னதும் நான்தான். அக்காவில ஒரு பிழையும் இல்லை."

"ஐயோ, அப்டிச் சொல்லாதம்மா..."

"நீங்கள் பேச வேண்டாம். அவள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் சுதீர்.

என்ன செய்வாள்? ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் இருந்தது. நல்ல மனசு இப்படி நேரம் பார்த்துக் கழுத்தை அறுக்குமா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தெலுங்கில் சொன்னாள்: "தனக்கு எதுவும் தெரியாதாம் சார். அனுமதி இருக்கிறதென்று நினைத்துத்தான் வந்தாளாம்."

சுதீர் எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதிவிட்டுச் சுவரோரம் பார்த்தார். "நீ சத்யவேடுதானே? தமிழ் வரும் இல்லையா? சாட்சிக் கையெழுத்து உன்னுடையது. சரியாகச் சொன்னாரா?"

தாட்சாயணி தனசேகரைப் பார்த்தாள். நம்மாள்தான், ஆறு தடவை தன் கையால் துன்னவன், தலையை ஆட்டிவிட்டுப் போகப்போகிறான். தனசேகர் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்கு என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

"லேது சார்" என்று மறுத்தான். பிறகு சுகிர்தா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் தெலுங்கில் ஒப்பித்தான்.

சுதீர் பேனாவை மூடினார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சோர்ந்துபோனவர் மாதிரி ஃபைலைப் பின்னால் புரட்டி, பழைய வாக்குமூலங்களின் அடியில் இருந்த தாட்சாயணியின் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்றைக்கு மாற்றிச் சொன்னவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இவர்கள் கணவன் மனைவி என்பதற்கு உங்கள் மொழிபெயர்ப்பைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. இனி அதுவும் இல்லை."

"வேற ஆளை வச்சு இப்பவே மறுபடியும் கேளுங்க சார். ஜெயிலுக்குப் போன் போட்டு அவனைக் கேளுங்க. பாப்பாவைக் கேளுங்க, நைனா பேரு சொல்லும்!" தாட்சாயணி தமிழும் தெலுங்கும் கலந்து கெஞ்சினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு காலில் விழப் போனாள்.

"லிஸ்ட் ஐந்து மணிக்குப் போக வேண்டும். புது மொழிபெயர்ப்பாளருக்கு உத்தரவு வாங்க ஒரு மாதமாகும். இனி இந்த அறையில் நீங்கள் அந்தப் பெண்ணிடம் பேசக் கூடாது."

சுகிர்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் தாட்சாயணியிடமே கேட்டாள். "அக்கா, ஐயா என்ன சொல்லுறார்? மூண்டு பேரையும் எழுதிட்டாரோ?"

தாட்சாயணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் மதுஷா பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தனசேகர்தான் வாயைத் திறந்தான். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சுகிர்தாவிடம் தமிழில் பேசினான். "எழுதலம்மா. உன் வூட்டுக்காரரு பேரு மட்டுந்தான் போவுது. உனுக்குத் தெரிஞ்சேதான் போனேன்னு நீயே சொல்லிட்ட, அத்த இவங்க மாத்திச் சொன்னதால பழைய வாக்குமூலமும் செல்லாதாம்."

சுகிர்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "இல்லை ஐயா! நான் பொய் சொன்னனான். அக்காவைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான். எனக்குச் சத்தியமாத் தெரியாது. சொல்லுங்கோ, ஐயாவிட்டச் சொல்லுங்கோ!"

தனசேகர் சொன்னான். இந்தத் தடவை நிஜமாகவே மன்றாடிச் சொன்னான்.

சுதீர் படிவத்திலிருந்து தலை நிமிரவில்லை. "ஒரு விசாரணையில் ஒரு வாக்குமூலம்தான் எடுக்க முடியும். முதலில் சொன்னதை எழுதியாகிவிட்டது." தவசீலனின் பெயருக்கு எதிரே, குடும்ப உறுப்பினர்கள் என்ற கட்டத்தில், ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார்.

அவர் ஜீப் கிளம்பிப் போன பிறகு சுகிர்தா சமையலறை வாசலில் வந்து நின்றாள். தாட்சாயணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடித்த கையைச் சுகிர்தா பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு விடியவே அவரை விடுவினம் அக்கா. நாங்கள் வருவம் எண்டு ஜெயில் வாசல்ல பார்த்துக்கொண்டு நிப்பார். அவருக்கு யார் சொல்லுவினம்?"