ஓய்வு பெற்றவரின் மெயில்பாக்ஸ்

இருநூற்றுப் பதினான்கு, இல்லை, பதின்மூன்று, வாட்ச்மேன் அறைக்கென்று யாரோ ஒரு முகவரி கேட்டு வாங்கி ஒருநாள்கூடத் திறக்காமல் விட்டிருக்கிறார்கள், அதைத் தூக்கிவிடலாம், ஆக இருநூற்றுப் பதின்மூன்று மெயில்பாக்ஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய சர்வரை நிறுத்தினால் திங்கள் காலை எட்டு மணிக்குள் இத்தனையும் புதிய சர்வரில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு கடிதம்கூடத் தவறக் கூடாது என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டார், சொல்வதற்கென்ன... பன்னிரண்டு மணிக்கு மீட்டிங், எது போகிறது, எதைப் பூட்டி வைக்கிறோம், எதை அழிக்கிறோம் என்ற பட்டியல் அதற்குள் அவர் மேஜையில் இருக்க வேண்டும். வீடு மாற்றுவதைவிட இது மோசம். வீட்டிலாவது என் கணவர் ஒருவர்தான், பழுதாகிப்போன மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டார், இங்கே எல்லோருமே அவர்தான். ஒரு வாரமாக ஃபோன் ஓயவில்லை, என் பழைய மெயிலெல்லாம் பத்திரமா வந்துடும்ல, கொள்முதல் பிரிவுக்காரர் எப்போதோ தன்னைப் பாராட்டி வந்த ஒரே ஒரு மெயிலுக்காக மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், வரும் சார், உங்களையும் ஒருவர் பாராட்டினார் என்பதற்கு அது ஒன்றுதானே அத்தாட்சி என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பட்டியலை அளவுப்படி, பெரியது மேலே வரும்படி அடுக்கினேன், வினை அங்கேதான் தொடங்கியது. முதலில் வரைபடப் பிரிவு, சரி, பம்ப் வரைபடங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். இரண்டாவது, முப்பத்தெட்டு ஜிபி, நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற விற்பனை மேனேஜர். நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம், யாரையாவது கடிந்துகொள்ளப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அந்த நேரத்துக்குள் ஓடிவிடலாம். எங்கள் கம்பெனியில் போனவரின் மெயில்பாக்ஸை அழிப்பதில்லை, பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே விட்டுவைப்போம், பழைய வாடிக்கையாளர் யாராவது எழுதிவிட்டால்... சரி, எழுதட்டும், அதற்காக வேலையில் இல்லாத மனிதருக்கு நேற்று ஒருநாளில் அறுபத்தேழு மெயிலா? திறந்தேன். உள்ளே 'தற்காலிகம்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வந்ததும் போனதுமாக எல்லாமே ஒரே ஆளுடைய மெயில்கள், மாடியில் டிஸ்பாட்ச் பார்க்கிற அக்காவுடையவை. அக்கா என்றால் ரத்த சொந்தமெல்லாம் இல்லை, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பதினாறு வருஷமாக மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

ஒன்பது வருஷம் ஆகிறது. கண்ணாடிக்காரர் இதே அறையில், இந்த பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு வாரத்துக்கு மட்டும்மா. டிஸ்பாட்ச் அம்மாவோட மெயில் எல்லாத்துக்கும் ஒரு காப்பி எனக்கு வரட்டும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்." நம் விலைப்புள்ளி வாடிக்கையாளருக்குப் போகும் முன்பே போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுகிறது, டிஸ்பாட்சில்தான் எல்லாத் தாளும் கை மாறுகிறது, ஆகவே சந்தேகம். இங்கே இப்படிப்பட்ட உத்தரவு ஒருநாளும் தாளில் வராது, தாள் என்றால் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே. நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமா? தோன்றக்கூட இல்லை, சரி சார் என்றேன், அவள் மெயிலெல்லாம் தானாக அவருக்கும் போகும்படி ஒரு ஃபார்வர்ட் போட்டேன், ஒரு நிமிஷ வேலை. பிறகு எடுக்க வேண்டிய வேலை எதுவானாலும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம், முடிந்ததும் கிழித்துப் போடுவேன், இருபது வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை என்று புதிதாக வருபவர்களிடம் பீற்றிக்கொள்வேன். இதற்கு மட்டும் ஒட்டவில்லை. எப்படி ஒட்டுவது, அக்கா தினமும் இரண்டு தடவை இங்கே வருவாள், வந்தால் சீட்டையெல்லாம் சத்தமாகப் படித்துக் கிண்டல் செய்வாள்... மறைக்க நினைத்தேன், அதனாலேயே மறந்தேன். பதினொரு நாளில் ஆள் அகப்பட்டுவிட்டான், கண்ணாடிக்காரருடைய சொந்த விற்பனைப் பிரதிநிதியேதான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஃபார்வர்டை நான் எடுக்கவும் இல்லை.

யார் யார் படித்தார்கள்? அதைத்தான் முதலில் பார்த்தேன். படித்த மெயில் சாதாரண எழுத்தில் இருக்கும், படிக்காதது தடித்த எழுத்தில். முதல் பதினொரு நாள் சாதாரணம், அதற்குப் பிறகு தடிமன், தடிமன், பக்கம் பக்கமாக, வருஷம் வருஷமாக ஒரே தடிமன். மனிதர் ஆள் அகப்பட்ட அன்றே மறந்துவிட்டிருக்கிறார், ஒன்பது வருஷத்தில் ஒருவரும் திறக்கவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஃபார்வர்டைத் திறந்து பார்த்தால் போட்ட தேதி இருக்கிறது, போட்டவர் பெயர் இல்லை, பழைய சர்வர் அதையெல்லாம் எழுதி வைப்பதில்லை. பட்டியலில் ஏற்றாமல் விட்டால் வெள்ளிக்கிழமை சர்வரோடு அதுவும் போகும், ஒரு குருவிக்கும் தெரியாது. மணி பத்தே முக்கால். அழிக்கப் போன கை அழிக்காமல் தேடல் பெட்டிக்குப் போனது... எதற்கு? சரிபார்க்கத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன், எதைச் சரிபார்க்க? என் பெயரை அடித்தேன். உன்னைப் பற்றி உலகம் என்ன பேசுகிறது என்று பார்க்க ஒரு சன்னல் திறந்தால் நீ பார்க்காமல் இருப்பாயா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், சீச்சீ என்றுதான் சொல்லியிருப்பேன்.

முந்நூற்றுச் சொச்சம் வந்தது, பெரும்பாலும் எனக்கே வந்தவை, சாப்பிடப் போகலாமா, பிரிண்டர் மக்கர் செய்கிறது. ஏழு மட்டும் அவள் தங்கைக்கு எழுதியவை. ஏழையும் படித்தேன். 'மத்தியானம் முழுக்க அவ கதைதான், நான் ம் போட்டுக்கிட்டே சாப்பிடறேன், பாவம், சொல்றதுக்கு அவளுக்கு வேற ஆள் இல்ல.' சுருக்கென்றது, நானா, நானா அப்படி, பேசுகிறேன்தான், ஆனால் அவளும்... அவள் என்ன பேசியிருக்கிறாள்? தேடிப் பார்க்கிறேன், அவள் பேசியதாக ஒன்றும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அடுத்தது மூன்று வருஷத்துக்கு முந்தையது, என் கணவருக்கு ஆபரேஷன் நடந்த வாரம். 'மார்புல இருந்த கட்டியில ஊசி குத்தி எடுத்திருக்காங்க, வெள்ளிக்கிழமை ரிசல்ட். அவகிட்டகூடச் சொல்லல, அவ புருஷன் ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்ப நான் வேறயா.' அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாலையில் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்திருக்கிறது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி மெயில் போன மாதம் எழுதியது, டாக்டர் இந்தத் தடவை கொஞ்சம் யோசிக்கிறார், இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம், இப்பவும் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அரைநாள் லீவு போட்டாள், பேங்க் வேலை என்றாள், வர்ற வழியில என் வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிட்டு வாங்கக்கா என்றேன், மறக்காமல் வாங்கி வந்தாள்.

ஏழு மெயிலும் இப்போது சாதாரண எழுத்தில், அத்தனை தடிமனுக்கு நடுவில். ஒவ்வொன்றாக அமுக்கி 'படிக்காதது' என்று மாற்றினேன், மீண்டும் தடித்துக்கொண்டன, அவ்வளவு சுலபம். பிறகு சும்மா அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இன்று மதியம் அவள் எதிரில் உட்கார்ந்து எப்படி வாய் திறப்பது, ஒன்பது வருஷம் மறந்துபோனதால் தப்பித்தேன், இனி மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. மாடிக்கு ஃபோன் போட்டேன், பத்து நிமிஷம் கீழ வர முடியுமாக்கா. வந்தாள். கண்ணாடிக்காரரிலிருந்து ஒட்டாத மஞ்சள் சீட்டு வரை எதையும் விடாமல் சொன்னேன், ஸ்கிரீனையும் திருப்பிக் காட்டினேன். அக்கா பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டாள், முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போனது.

"ஒம்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்றாள். மறந்துட்டேன்க்கா என்றேன், எனக்கே கேவலமாக இருந்தது. மறந்துட்டியா என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேனேஜர் எது வரைக்கும் படித்தார் என்று கேட்டாள், பதினொரு நாள்தான், மீதியை யாரும் திறக்கவே இல்லை, பாருங்க, எல்லாம் தடிச்ச எழுத்து என்று விரலால் காட்டினேன். ஏன் செய்தாய், சின்ன முதலாளிக்குத் தெரியுமா, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"நீ படிச்சியா?"

"இல்லக்கா."

யோசித்துச் சொல்லவில்லை, மூச்சு விடுவதுபோல வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கேட்டதைச் செய்தேன் என்று ஃபார்வர்டையாவது அவர் தலையில் போடலாம், படிக்கச் சொல்லி யார் கேட்டார்கள், இதை யார் தலையில் போடுவது? அக்காவின் தோள் இறங்கியது. "அந்த மனுஷன் படிச்சா படிச்சிட்டுப் போகட்டும். நீ படிக்கலைல்ல, அது போதும் எனக்கு," என்றாள். பிறகு எல்லாவற்றையும் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னாள், அழித்தேன், ஃபோல்டரையும் ஃபார்வர்டையும், முப்பத்தெட்டு ஜிபி மூன்றாகச் சுருங்கியது, ஸ்கேனில் என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் அதோடு போனது, அப்படி நினைத்ததற்காக என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மதியம் பார்க்கலாம் என்றாள், கோபம் முழுக்கத் தீரவில்லை, ஆனாலும் மதியம் பார்க்கலாம் என்றாள். வாசல் வரை போனவளைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை, உடம்பெல்லாம் நல்லா இருக்குல்லக்கா என்று கேட்டுவிட்டேன். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள், ஏன் திடீர்னு கேக்கற என்றாள், சும்மாதான் என்றேன், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். மணி பன்னிரண்டாக ஏழு நிமிஷம், பட்டியலை பிரிண்ட் எடுக்க வேண்டும்... கேட்டதில் என்ன தப்பு, உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதுதானே, இதற்குப் போய் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று பிரிண்டர் பக்கத்தில் நின்று யோசிக்கும்போதுதான் தெரிந்தது, இந்தப் பதினாறு வருஷத்தில் நான் அவளிடம் அதைக் கேட்டது இன்றைக்குத்தான் முதல் தடவை.