பூண்டு வாடை

அந்தத் தொழிற்சாலையில் பூண்டு என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. மின்னணுச் சிப்புகளுக்கான காலியம் ஆர்சனைடு தகடு வளர்க்கும் உலைக்குள் ஆர்சைன் என்று ஒரு வாயு போகிறது. அது கசிந்தால் பூண்டு வாடை அடிக்கும். வாடை மூக்குக்கு வந்துவிட்டால் விஷம் உடம்புக்குள் போயாயிற்று. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரில் ரத்தமாகப் போகும். முதல் நாள் வகுப்பிலேயே எல்லாருக்கும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அங்கே ஒரே ஷிப்டில் வேலை பார்த்த அண்ணன் தங்கையில் அண்ணன்காரனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? ஷிப்டுக்கு மூன்று தரம் "பூண்டுடோய்!" என்று கத்தி அத்தனை பேரையும் அலற விடுவான்.

அன்று வாயு அறைக்குள் குழாய் இணைப்பை இறுக்கப் போனான். கதவோரம் கசிவு இல்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்ததால் முகமூடி மாட்டவில்லை. இன்டர்காமில் அவன் குரல் வந்தது.

"பூண்டு... நெசமாத்தான் சொல்றேன்... கதவு தொறக்கல..."

வாயு ஓடும்போது யார் உள்ளே போனாலும் அந்தக் கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் வாயு நிற்கும், கதவும் திறக்கும். உலையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை இருக்கையை விட்டு எழுந்தாள். பொத்தானுக்குப் பாய்ந்தாள். சூப்பர்வைசர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"உள்ள பன்னெண்டு தகடு வளருது, ஏழு மணி நேர வேல! உங்கண்ணன் பேச்ச நம்பி நிறுத்துவியா?"

"வாடை வருதுங்கிறான்யா!"

"கசிவு சென்சார் சும்மா சும்மா கத்துதுன்னு காலையில நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன். இப்ப எல்லாம் பச்சதான்."

அடப்பாவி! அந்த விளக்கை நம்பித்தானே அண்ணன் உள்ளே போனான். தலையால் சூப்பர்வைசர் மூக்கில் முட்டினாள். எலும்பு நொறுங்கியது. அவன் அவள் தலையைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. கையில் அகப்பட்ட ஸ்பானரால் அவன் முழங்காலில் ஒரே போடு போட்டாள். விழுந்தவன் வயிற்றை மிதித்துத் தாண்டிப் போய்ப் பொத்தானைக் குத்தினாள்.

அண்ணன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்த காவலாளி அவள் கைகளைப் பின்னால் மடக்கினான்.

"பாருங்க, குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்!" என்று சூப்பர்வைசர் மூக்கைப் பொத்தியபடி கத்தினான். "அத்தன தகடும் பாழ்! இவள போலீஸ்ல குடுங்க."

"தல மட்டும்தான் வலிக்குது, தங்கச்சி," என்றான் அண்ணன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போலீஸுக்குக் காத்திருந்தே இரண்டு மணி நேரம் போயிற்று. கழிப்பறைக்குப் போன அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போகுது, தங்கச்சி."

சூப்பர்வைசர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான். காவலாளியும் அந்த முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவன்தான். அவள் கைகளை விட்டுவிட்டான்.