சேதாரம் இல்லை, எடை கூடுதல்

தாம்பரம் லாரி செட்டில் நான் மூட்டை தூக்குகிறேன். எழுதப் படிக்கக் கற்றது நாற்பத்திரண்டு வயதில். எங்கள் சங்கத்தில் வேறு யாருக்கும் எழுத வராததால் நான்தான் செயலாளர்.

கீழ்க்கட்டளைப் பெண் மெஹ்னாஸ் லண்டனில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது. சுமை தூக்குகிறவர்களைப் பற்றி எழுத ஆறு மாதமாக எங்கள் செட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தது. வெளிநாடு போய் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அங்கே நிதி தருகிறார்களாம். அவர்கள் கணக்கில் தாம்பரம்தான் வெளிநாடு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு வாங்க ஓடி வந்தது.

"சின்னப்பண்ணா, நான் இங்கதான் ஆராய்ச்சி வேலை செய்றேன்னு சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் வேணும். அஞ்சு மணிக்குள்ள மெயில்ல போகலேன்னா மீதி நிதியை நிறுத்திடுவாங்க. ஆராய்ச்சி பாதியிலயே நின்னுடும்!"

"இன்னா எழுதணும் பாப்பா?"

"வந்து சேர்ந்தேன், ஒழுங்கா இருக்கேன். அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றுதான். சரக்கு வந்து சேர்ந்ததும் எழுதும் சீட்டு. அதையே எழுதினேன்.

'அனுப்பியவர்: லண்டன் காலேஜ். பெற்றவர்: நாங்கள். எண்ணிக்கை: ஒன்று. நனையவில்லை. கிழியவில்லை. சேதாரம் இல்லை.'

"எடை எங்கடா?" என்றார் மேஸ்திரி தேவானந்தம். "எடை இல்லாத சீட்டு செல்லுமா?"

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க தினமும் காலையில் யாராவது அதில் ஏறி நிற்போம். செட்டுக்கு வந்த முதல் நாள் மெஹ்னாஸும் ஏறியது. சுவரில் கரியால் எழுதிய நாற்பத்தெட்டு இன்னும் அழியவில்லை. மறுபடி ஏற்றினோம். ஐம்பத்துமூன்று.

"தராசு ரிப்பேர்!" என்று கத்தியது மெஹ்னாஸ்.

"தராசு நல்லாத்தான் கீது," என்றார் தேவானந்தம்.

'கூடுதல் ஐந்து கிலோவுக்குச் சங்கம் பொறுப்பல்ல' என்று முடித்து முத்திரை குத்தினேன்.

"அண்ணா, என் மானமே போச்சு!"

வேறு எழுத நேரமில்லை. மணி நாலரை. அந்தப் பெண் அழாத குறையாக, ஒரு வார்த்தை விடாமல் கீழே இங்கிலீஷில் எழுதி, பிரவுசிங் சென்டருக்கு ஓடியது.

செவ்வாய்க்கிழமை பதிலோடு வந்தது.

"நிதி வருது அண்ணா! ஆள் போய்ச் சேர்ந்ததை இவ்ளோ தெளிவா சொன்ன லெட்டரை அவங்க பார்த்ததே இல்லையாம்."

செட் முழுக்க விசில் பறந்தது.

"இன்னா, மூஞ்சி மட்டும் உம்முனு கீது?" என்று கேட்டேன்.

"அந்த அஞ்சு கிலோவுக்கு யார் காரணம்னு கேட்டிருக்காங்க."

வாசலில் இட்லி விற்கும் ரத்தினபாய் அக்கா கரண்டியோடு எழுந்து வந்தார்.

"என் பேரை எழுது சின்னப்பா. ஆறு மாசமா வடகறி ஊத்துனது நானு!"