தண்ணி இல்ல மாமா

வெளிநாடு என்றாலே அஹ்சனுக்கு ஆகாது. சவுதியில், தம்மாமில் இருக்கும் வாப்பாவோ விசாவைத் தயாராக வைத்துக்கொண்டு, இந்த மாசத்துக்குள் இங்கே வேலை கிடைக்காவிட்டால் கிளம்பி வா என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பயல் மாங்குமாங்கென்று உட்கார்ந்து தனக்கென்று ஒரு சாட்பாட் செய்தான். வேலைக்கு எடுக்கிறவர்கள் அவனைப் பற்றி என்ன கேட்டாலும் அதுவே பதில் சொல்லும். தன்னைப் போலவே பேசட்டும் என்று, வாட்ஸ்அப்பில் இதுவரை அனுப்பிய மெசேஜ் அத்தனையையும் அள்ளி அதன் வாயில் போட்டான்.

அங்கேதான் கெட்டது காரியம். தென்காசிக்காரன் வாட்ஸ்அப்பில் வேறு என்ன இருக்கும்? குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், எந்தெந்த ஊரிலோ இருக்கும் சொந்தமெல்லாம் ‘தண்ணி விழுதா?’ என்று கேட்கும். விழுகிறது என்று சொன்னால் தொலைந்தோம். வேன் பிடித்து வந்து இறங்கி, வீட்டை லாட்ஜ் ஆக்கிவிடுவார்கள். பொங்கிப் போட்டே உம்மா சனோபருக்கு இடுப்பு ஒடிந்துபோகும். அதனால் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டினாலும், ‘இல்ல மாமா, நூலு மாதிரிதான் விழுது, அடுத்த வாரம் பாப்போம்’ என்றுதான் அஹ்சன் மரியாதையாகப் பதில் போடுவான். உம்மாவின் உத்தரவு அது.

சென்னையில் ஃபிரிட்ஜ் விற்கும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் பெலிக்ஸ், அந்தச் சாட்பாட்டிடம் விசாரித்திருந்தார். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் துண்டோடு நின்ற அஹ்சன் அதைப் போனில் படித்தான்.

‘அஹ்சனிடம் என்ன திறமை இருக்கிறது?’

‘இப்ப ஒண்ணும் இல்ல மாமா. நூலு மாதிரிதான்.’

‘பலரோடு சேர்ந்து வேலை செய்வாரா?’

‘கூட்டமா வந்தா கஷ்டம் மாமா.’

‘நேரில் கூப்பிட்டுப் பேசலாமா?’

‘வீணா அலையாதீய மாமா. அடுத்த வாரம் பாப்போம்.’

அஹ்சன் தலையில் கைவைத்தபோதே போன் அடித்தது. பெலிக்ஸ்தான்.

“தம்பி, நானும் உங்க ஊருக்குப் பக்கத்துல கடையத்துக்காரன்தான். வேலைய விடு, ஒண்ணு கேக்கேன். நாளைக்குக் குடும்பத்தோட குற்றாலம் வரலாம்னு இருக்கேன். தண்ணி விழுதா?”

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. “சுத்தமா இல்ல சார். அடுத்த வாரம் பாப்போம்.”

“பொறவு அது என்னல இரைச்சல்?”

“மிக்ஸி சார். உம்மா சட்னி அரைக்கா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. சரிதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அஹ்சனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏலே, மெக்கானிக் எப்ப வருவான்னு கேட்டு கஸ்டமர் போன் மேல போன் போட்டு உசுர வாங்குதாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இவ்வளவு பதவிசா ‘அடுத்த வாரம் பாப்போம்’னு சொல்லத் தெரியல. திங்கக்கிழமை வந்து சேந்துரு,” என்றார் பெலிக்ஸ்.

நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்துவிட்டு, ‘வேலை கிடைச்சிட்டு’ என்று குடும்ப குரூப்பில் போட்டான் அஹ்சன். மதுரை மாமாதான் முதலில் வந்தார்.

‘மாஷா அல்லாஹ். நேர்ல வந்து வாழ்த்தணும். தண்ணி விழுதா?’

அஹ்சன் டைப் அடிப்பதற்குள் உம்மாவின் பதில் வந்து விழுந்தது.

‘வேலைதான் கிடைச்சிருக்கு. தண்ணி இல்ல.’