சுந்தராம்பாள் துவைத்த துணி

எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டேன். இருதயமேரி நர்ஸ் என்றால் செஞ்சிக் கடைத்தெருவே ஒதுங்கி நிற்கும். 1946இல் ஒரு மத்தியானம், எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் நான் போட்ட கூச்சல் ராஜகிரி உச்சிவரை கேட்டிருக்கும்.

முந்தைய நாள்தான் தொண்டூர் அரிகிருஷ்ணனுக்கு ஆபரேஷன். மாடு முட்டி மண்ணீரல் கிழிந்திருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே தெரியட்டும் என்று வயிற்றில் ஒரு ரப்பர் குழாய் வைத்து, மேலே துணி கட்டியிருந்தார். காலையிலிருந்து எப்போது பார்த்தாலும் துணி வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஆனால் ஆள் வெளிறிக்கொண்டே போனான். நாடி தறிகெட்டு ஓடியது. டாக்டருக்கே புரியவில்லை.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அவன் பெண்டாட்டி சுந்தராம்பாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"இன்னாடி இது?"

"ரத்தம் ஊறிப்போச்சும்மா. அழுக்குத் துணியில டாக்டரய்யா கை வெக்கலாமா? அதான் காலைலேர்ந்து மாத்தி மாத்தித் தொவைக்கறேன்."

"அடிப்பாவி! அதைப் பாக்கத்தானே அவரு வர்றாரு! உம் புருஷனைக் கொன்னுட்டியேடி!"

அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொல்லுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும், உடனே மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும், ரத்தம் ஏற்றாமல் தாங்கமாட்டான் என்றார் டாக்டர். ரத்தம் என்றதும், கூட வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். சுந்தராம்பாள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"எவ்ளோ வேணுமோ எடுங்க."

இருவர் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தார் டாக்டர். ஒத்துப்போனது!

உள்ளே ஒரு ரத்தக்குழாயில் போட்ட முடிச்சு நழுவியிருந்தது. டாக்டர் அதைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். அவள் ரத்தம் சொட்டுச் சொட்டாக அவன் கைக்குள் இறங்கியது. என் விரலுக்கடியில் நாடி மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. மாதாவே! நான் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் கண் திறந்தான். பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டோடு பெண்டாட்டி.

"நீ இன்னாத்துக்குப் படுத்துக்கினு இருக்கற?"

"உன் ஒடம்புல ஓடறது என் ரத்தம்யா. இனிமே எங்கிட்ட கத்திப் பாரு!"

வார்டே சிரித்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்க வெக்காதடி, தையல் வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும்யா," என்றேன் நான். "செத்தவனுக்கு வலிக்காது!"